மாலை போடாத சாமி

பள்ளிக்கூடம் பூட்டிய மறுநாள் காலையில் நான் செய்த முதல் காரியம், சவரம் செய்யாமல் இருந்தது. அரையாண்டு லீவு ஒன்பது நாள். கண்ணாடியைப் பார்த்து, "உனக்கும் லீவுதான், போ" என்றேன். தனியாகக் குடியிருப்பவன் காலையில் யாரிடமாவது ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். கண்ணாடி எதிர்த்துப் பேசாது என்பதால் அதனோடு எனக்குப் பதினோரு வருஷமாகச் சண்டை இல்லை.

வழக்கமாக அரையாண்டு லீவு விட்ட அன்றே திருச்சி பஸ்ஸில் ஏறிவிடுவேன். அக்கா வீடு. அக்கா சமைப்பாள், நான் தின்பேன், அக்கா திட்டுவாள், நான் தூங்குவேன். இந்த வருஷம் மகளின் பிரசவத்துக்காக அக்கா பெங்களூர் போய்விட்டாள். திருச்சி வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. ஆக, ஒன்பது நாளும் கூடலூரில், வாடகை மாடியில், நானும் ஜன்னலில் நிற்கும் மலையும் மட்டும். அந்த மலையும் மார்கழியில் லேசில் எழுந்திருக்காது. எட்டு மணி வரை பனியை இழுத்துப் போர்த்திக்கொண்டு புரளும். எழுப்பினால் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

இந்த லீவுக்கு ஒரு பந்தயம் இருந்தது. முந்தின வாரம் பக்கத்து ஊரான கம்பத்தில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபெயிலான பையனின் பேப்பரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வெறும் வயிற்றில் நூற்றி இருபத்திமூன்று.

"விளிம்புல நிக்கிறீங்க சார். லீவு விடுதுல்ல? தினம் நடங்க, வாயைக் கட்டுங்க. ஸ்கூல் தெறக்கிற அன்னிக்கு மறுபடி எடுத்துப் பார்ப்போம். நூத்திப்பத்துக்குக் கீழ வந்துட்டா விட்டுடறேன். இல்லேன்னா மாத்திரைதான்."

இதை அக்காவிடம் போனில் சொன்னது என் தப்பு. அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அதற்கும் மேலே அக்காவின் குரல்.

"சரி. மாத்திரைன்னு எழுதிட்டாருன்னா நீ அந்த வீட்டைக் காலி பண்ற. எங்க மாடி போர்ஷன் சும்மாதான் கெடக்கு. டிரான்ஸ்பர் வாங்கிட்டு வந்து சேரு. நாப்பத்தெட்டு வயசுல அங்க ஒத்தையா கெடந்து, ஒரு நாள் எவனாவது கதவை ஒடைச்சுப் பாக்குற மாதிரி..."

முடிக்கவில்லை. அக்காவின் பாதி வாக்கியங்கள்தான் எப்போதும் பயமுறுத்தும்.

"எழுத மாட்டார்" என்றேன்.

"பாக்கலாம்" என்றாள்.

நான் ஏழு ஊர் மாறியவன். எந்த ஊரிலும் மூன்றாம் வருஷம் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். பெட்டியைக் கட்டு, கிளம்பு என்று உள்ளே ஒரு குரல். கூடலூரிலும் அரிக்கிறது. ஆனால் அரிக்கும்போதெல்லாம் இறங்கி நடக்க இங்கே ஒரு ரோடு இருக்கிறது. ரோட்டின் முடிவில் லோயர் கேம்ப். அங்கே மலையிலிருந்து குழாய்களில் இறங்கிவந்த தண்ணீர், மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, கை வீசிக்கொண்டு ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கால் அடங்கிவிடும். பதினோரு வருஷமாக அந்தத் தண்ணீர்தான் என்னை ஊரில் கட்டிவைத்திருக்கிறது. திருச்சி மாடி போர்ஷனில் என்ன தெரியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

ஆகவே நடந்தேன்.

முதல் நாள் காலை ஐந்தே முக்கால். அக்கா எப்போதோ வாங்கித் தந்த கறுப்பு ஸ்வெட்டர், இடுப்பில் கருநீலக் கைலி, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், முகத்தில், பரீட்சை வேலையில் விட்டதையும் சேர்த்து, மூன்று நாள் தாடி. ஊரைத் தாண்டுவதற்குள் செருப்பு வார் அறுந்தது. கழற்றிக் கையில் இருந்த பைக்குள் போட்டுக்கொண்டேன். தார் ரோட்டின் குளிர் பாதத்தில் ஏறி முழங்கால் வரை வந்து நலம் விசாரித்தது. சுகமாகத்தான் இருந்தது.

இதில் நான் ஒன்றை மறந்துவிட்டேன். கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் ரோடு எங்களுக்குச் சொந்தமில்லை. மாலை போட்டவர்களுக்குச் சொந்தம். எந்தெந்த ஊரிலிருந்தோ சபரிமலைக்குக் கிளம்பியவர்கள் குமுளி வழியாக ஏறுவதற்கு இந்த ரோட்டில் வருவார்கள். வேனில் வருவார்கள், நடந்தும் வருவார்கள். கறுப்பு உடுப்பு, தாடி, வெறுங்கால். அந்த இரண்டு மாதமும் இப்படி ஒருவன் விடியற்காலையில் மலையைப் பார்த்து நடந்தால் அவனுக்கு இங்கே ஒரே பெயர்தான்.

"சாமி! சாமியோவ்! இங்கன வாங்க, இலை போட்டாச்சு!"

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

ரோட்டோரம் தகரக் கூரை போட்ட அன்னதானப் பந்தல். வாசலில் கையில் கரண்டியோடு ஒருவர் நின்றார். என் வயதுதான் இருக்கும். திராட்சைத் தோட்டக்காரர். வருஷாவருஷம் குடும்பத்தோடு இந்தப் பந்தலைப் போடுகிறவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது அவருக்குப் பின்னால் எழும்பிய ஆவியும், ஆவியில் வந்த நெய்யும் மிளகும்தான்.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"வந்து உக்காருங்க சாமி. சொல்றதைச் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உடம்பு கூசியது. அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், போன லீவுக்கு அக்கா வீட்டில் சாப்பிட்டதற்குப் பிறகு என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட ஆளில்லாத வீட்டில் தட்டை எடுத்து வைப்பவனும் நான், வந்து உட்காருபவனும் நான். இங்கே ஒரு மனிதர் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தேன்.

வெண்பொங்கல் விழுந்தது. சாம்பார் ஓடியது. கேசரி வந்து இலையில் உட்கார்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்த அதிகாரிபோல், பளபளவென்று, யாரையும் பார்க்காமல். இலையோரம் அவர் தோட்டத்துப் பன்னீர் திராட்சை ஒரு கொத்து. கேசரியை இரண்டாம் தரம் நானே கேட்டு வாங்கினேன். அதை எங்கே ஒளித்து எழுதினாலும் அது வெளியே வந்துவிடும் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு லோயர் கேம்ப் வரை போய், தண்ணீரைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்ப வெட்கப்பட்டு, வாய்க்கால் கரையோரமாகத் தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து வீடு வந்தேன். அக்கா போன் செய்தாள்.

"நடந்தியா?"

"லோயர் கேம்ப் வரைக்கும்."

"என்ன சாப்ட்ட?"

"கோயில் சாப்பாடு மாதிரி, சாத்வீகமா."

பொய் இல்லை. நல்ல வாத்தியார் பொய் சொல்ல மாட்டார். விடையை மட்டும் எழுதிவிட்டு, வழிமுறையை மறைப்பார்.

இரண்டாம் நாளும் போனேன், மூன்றாம் நாளும் போனேன். செருப்பு தைத்து வந்துவிட்டது. போடவில்லை. "சாமி, இன்னைக்குச் சக்கரைப் பொங்கல்!" என்று தூரத்திலேயே கரண்டி ஆடியது. மூன்று நாளும் அவர் என் காலைத் தொட்டார். மூன்று நாளும் நான் கூசினேன், பிறகு உட்கார்ந்தேன். பந்தலின் பின்பக்கம் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கரண்டிக்காரரின் அண்ணன் மனைவி. பந்தலில் எல்லாரும் மதினி என்றே அவளைக் கூப்பிட்டார்கள். மதினியின் அரிவாள்மனை பூசணியில் இறங்கும்போதெல்லாம் எனக்கு முதுகில் சில்லென்றது.

நான்காம் நாள் காலை, அக்கா கூரியரில் அனுப்பியிருந்த சர்க்கரை மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தேன். நூற்றி முப்பத்தெட்டு.

நடந்ததைக் கழித்தேன். தின்றதைக் கூட்டினேன். எப்படிப் போட்டாலும் விடை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது.

உடனே சவரம் செய்தேன். வெள்ளைச் சட்டை, பேன்ட், ஷூ. வீட்டிலேயே ஓட்ஸைக் காய்ச்சிக் குடித்தேன். அது தொண்டையில் இறங்கும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதே ரோட்டில் கையை வீசி நடந்தேன். பந்தல் வந்தது. எதிரே வேன் ஒன்று நின்று ஒரு கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டிக்காரர் என்னைப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் ஓரமாப் போங்க. சாமிமார் வாராக."

அவ்வளவுதான். ஓரமாகப் போனேன். மூன்று நாளாகத் தெரிந்த முகம், ஒரு சவரத்தில் அழிந்துவிட்டது. லோயர் கேம்ப் தண்ணீர்கூட அன்று என்னைத் தாண்டி அவசரமாக ஓடியது, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள்போல. அன்று பகல் முழுக்க வீட்டில் யாரும் பேசவில்லை. கண்ணாடியும்கூட.

ஐந்தாம் நாள் விடிந்ததும் என் கை தானாகக் கறுப்பு ஸ்வெட்டரை எடுத்தது. சாப்பிட மாட்டேன், சும்மா ஒரு 'சாமி' மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்கே சத்தியம் செய்துகொண்டு, கைலியைக் கட்டி, வெறுங்காலோடு இறங்கினேன்.

ரோடு காலியாக இருந்தது. பனி அதிகம், அதனால் எல்லாரும் பிந்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேன் இல்லை. சரண கோஷம் இல்லை. ஒரு நாய் மட்டும் ரோட்டின் நடுவில், அப்பன் வீட்டு முற்றத்தில் படுத்ததுபோல் காலை நீட்டிப் படுத்திருந்தது. அது என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பந்தலில் அடுப்பு எரியவில்லை. கரண்டிக்காரரும் மதினியும் அண்டாக்களைக் கவிழ்த்துப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் நிமிர்ந்தார்.

"சாமி... எங்க கெளம்பிட்டீக?"

"மேல" என்றேன். ரோடு மேலேதான் போகிறது.

"மேல யாரு இருக்கா? மண்டல பூஜை முடிஞ்சு நேத்தோட நடை சாத்தியாச்சு. நாளன்னைக்குச் சாயந்திரந்தான் தெறப்பாக. அங்கன போயி பூட்டையா கும்பிடப் போறீக?"

பதினோரு வருஷம் இந்த ரோட்டில் குடியிருக்கிறேன். சந்தைக்கு வரும் திராட்சைகூட அறியும் இந்த விஷயம் எனக்கு நினைவில்லை.

மதினி தேங்காய் நாரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல கொழுந்தனாரே? இவுக தெனமும் கீழருந்து மேல போறாக. திரும்பி வந்ததை ஒருத்தரும் பாக்கல. மறுநாக் காலைல பாத்தா மறுபடியும் கீழருந்து வாராக. ஒரே நாள்ல மலைக்குப் போயி நெய்யபிஷேகம் பண்ணிட்டுத் திரும்புற சாமி ஒலகத்துலயே இவுக ஒருத்தர்தான்."

"மதினி, சும்மா இருங்க..."

"மொகத்தைப் பாருங்களேன். எந்த ஊர்ல மாலை போட்ட சாமி மழமழன்னு செரைச்சுட்டு வருது? நேத்து வெள்ளைச் சட்டையில வெறைப்பாப் போனதும் இவுகதான். நீங்கதான் ஓரமாப் போகச் சொன்னீக."

கரண்டிக்காரர் என்னருகில் வந்தார். மெதுவாகக் கேட்டார். "அந்தக் கழுத்துத் துணியக் கொஞ்சம் எடுக்கீகளா?"

மஃப்ளரை எடுத்தேன். கழுத்தில் துளசி மணி இல்லை. குளிர் மட்டும் இருந்தது.

"வாத்தியாருங்க" என்றேன். "கணக்கு வாத்தியார். நடக்க வந்தேன். நீங்க கூப்பிட்டீங்க."

"மூணு நாள் உங்க கால்ல விழுந்தனே வாத்தியாரே" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. என் பாதங்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒளிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தன.

மதினிதான் வழி விட்டாள். "சரி, விடுங்க. பசிச்ச வயித்துக்குத்தான போட்டோம். வயித்துக்கு மாலை இருக்கான்னு பாத்தா போட்டோம்?"

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் உண்மை ஒருமுறை வெளியே வந்துவிட்டால் கூடப்பிறந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். "பசிகூட இல்லைங்க. எனக்குச் சக்கரை" என்று தொடங்கி டாக்டர், அக்கா, பந்தயம், திருச்சி மாடி போர்ஷன், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மதினி, கவிழ்த்திருந்த அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அண்டாவுக்குள்ளும் சிரிப்புக் கேட்டது.

"சக்கரைய ஒடம்புல வச்சுக்கிட்டா கேசரிய ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனீக? ஆத்தாடி! அந்த அக்கா பாவம்!"

கரண்டிக்காரரின் மீசை ஓரம் துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தேங்காய் நாரை எடுத்து என் கையில் வைத்தார்.

"நடை தெறந்துட்டா ஆளு அள்ளும் வாத்தியாரே. கை பத்தல. அந்தா அந்தப் பெரிய அண்டாவைப் பிடிங்க."

அந்த அண்டாவுக்குள் நான் பாதி உடம்போடு போனேன். அடியில் பிடித்திருந்த பொங்கல் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. மூன்று நாள் நான் தின்றதும் இதிலிருந்துதான். சுரண்டினேன். தோள் வலித்தது, முதுகு வலித்தது, நாற்பத்தெட்டு வருஷமாக இருந்தும் அறிமுகமாகாத தசையெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் பெயரைச் சொன்னது. வெளியே வந்தபோது வெயில் வந்திருந்தது. மலை எழுந்து உட்கார்ந்திருந்தது.

சாப்பிடும் நேரத்தில்தான் அந்தப் பந்தலின் ரகசியம் தெரிந்தது. பந்தல்காரர்கள் பொங்கலையும் கேசரியையும் தொடுவதில்லை. நாளெல்லாம் கிண்டிக் கிண்டி அந்த வாசனையே அவர்களுக்குச் சலித்துப்போயிருக்கிறது. மதினி வீட்டிலிருந்து கம்பங்கூழ் கொண்டுவருவாள். மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, அந்தப் பருவத்து மொச்சையை அவித்து ஆளுக்கு ஒரு கை.

"இதுதான் உங்களுக்கு. அங்கன அண்டாப் பக்கம் கண்ணு போச்சுன்னா, கண்ணுலயே போடுவேன்" என்றாள் மதினி.

ஆறாம் நாள் விறகு அடுக்கினேன். ஏழாம் நாள் பூசணி வெட்டினேன். மதினியின் கண்காணிப்பில், அரிவாள்மனை முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து. துண்டுகள் ஒரே அளவாக வரவேண்டும் என்று நான் முயன்றதைப் பார்த்து, "சாம்பாருல வேகப்போற பூசணிக்கு ஸ்கேலு எதுக்கு?" என்றாள். நடை திறந்தது. எட்டாம் நாள் விடியலில் ரோடு மறுபடியும் கறுப்பாக நிரம்பி வந்தது. என் கையில் கரண்டி.

பரிமாறுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு பந்திக்கு வந்து பார்க்க வேண்டும். நான் அளந்து அளந்து வைத்தேன். கரண்டிக்காரர் பின்னாலிருந்து கத்தினார்.

"ஏலே... வாத்தியாரே! அது என்ன மார்க்கா, அரை அரையாப் போடுறீக? அள்ளிப் போடுங்க!"

அள்ளிப் போட்டேன். குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, ஏழு பந்தி. பத்து மணிக்கு என் ஸ்வெட்டர் எங்கே போனது என்றே தெரியவில்லை. நடுவில் ஒருவர், தனியாக வந்தவர், கையெடுத்துக் கும்பிட்டுப் பந்தலைத் தாண்டப் பார்த்தார். "இல்ல சாமி, நான் வந்து..." என்றார்.

"வந்து உக்காருங்க சாமி" என்றது என் வாய். "சொல்றதைச் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

கரண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுப்பில் விறகைத் தள்ளினார்.

பள்ளி திறந்த அன்று காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். சாயந்திரம் டாக்டர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"நூத்தி ஒம்பது. ஒரு நூல்ல தப்பிச்சீங்க சார். மாத்திரை இப்ப வேண்டாம். என்ன பண்ணீங்க?"

"அண்டா கழுவினேன்" என்றேன். அவர் அதை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை.

சேதியைச் சொல்ல நேராகப் பந்தலுக்குப் போனேன். போன நேரம் பார்த்து அக்காவின் அழைப்பு. எண்ணைச் சொன்னேன்.

"ஒண்ணுல பாஸா?"

"பாஸ்னா பாஸ்தான்க்கா."

"நம்ப மாட்டேன். நீயா வாயைக் கட்டியிருக்க மாட்ட. யாரு இருக்கா பக்கத்துல? போனைக் குடு."

மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "சொல்லுங்க அக்கா" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பூசணிக் குவியலுக்குப் பின்னால் போய்விட்டாள். அரைமணி நேரம். நடுநடுவே சிரிப்பு மட்டும் வந்தது. "ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாக அக்கா!" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. போன் திரும்பி வந்தபோது சூடாக இருந்தது.

"அந்த மாடி போர்ஷனை வாடகைக்கு விடச் சொல்லிடறேன்" என்றாள் அக்கா. "நீ அங்கயே கெட. ஆனா அந்த அம்மா சொன்ன பேச்சைக் கேளு. நம்பர் வாங்கிட்டேன்."

மகரஜோதி வரை பந்தல் உண்டு. இப்போது காலை ஐந்துக்குப் போய், எட்டுக்குக் கிளம்பி, ஒன்பதுக்கு வகுப்பில் நிற்கிறேன். சட்டையில் விறகுப் புகை வாசனை இருப்பதாகப் பத்தாம் வகுப்பு பேசிக்கொள்கிறது. யாரும் என்னைச் சாமி என்று கூப்பிடுவதில்லை. வாத்தியாரே என்கிறார்கள், அதுவும் திட்டும்போதுதான். பெங்களூருக்குத் தினம் தகவல் போகிறது.

இன்று காலை கடைசிப் பந்தி முடிந்தது. பந்தலில் யாரும் இல்லை என்று நினைத்தேன். கரண்டியின் விளிம்பில் கேசரி கொஞ்சம், ஒரு விரல் அளவு, ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் அதன்மேல் விழுந்தது. விரலை நீட்டினேன்.

பூசணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாத்தியாரே! அக்காவுக்குப் போனைப் போடவா?"

கரண்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். ரோட்டில் படுத்திருந்த நாய் எழுந்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மலைப் பக்கமாக நடந்து போயிற்று.